எட்டுப் பேருக்கு இடம்

எங்கள் வீட்டில் இன்டர்நெட் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் வந்தது. கேபிள்காரர் மாடி வழியாக ஒரு ஒயரை இழுத்து, பட்டாசல் என்கிற முன்கட்டுக் கூடத்தில் இருந்த என் கணவரின் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனார். ரௌட்டர் வாங்கச் சொன்னார். இவர் வாங்கவில்லை. பத்திரம் எழுதுகிற வேலை, கம்ப்யூட்டர் எந்நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு போன்களுக்கும் டிவிக்கும் பிரித்துக் கொடுத்தார். பழைய கல்கட்டு வீடு, உள்ளே செல்போன் டவர் ஒரு கோடுகூட எடுக்காது. வீடு முழுக்க அந்த ஒரு கம்ப்யூட்டரை நம்பித்தான் இருந்தது.

அதில் ஒரு கட்டுப்பாடு. ஒரே நேரத்தில் எட்டுக் கருவிகளுக்குத்தான் கொடுக்கும். ஒன்பதாவதைச் சேர்க்காது, ஏன் என்றும் சொல்லாது. எங்கள் இருவருக்கு எட்டு தாராளம். ஆனால் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்குக் குற்றாலச் சீசன் என்றால் என்னவென்று தெரியும். சுரண்டை, கோவில்பட்டி, மதுரை என்று சொந்தக்காரர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். ஈரத் துண்டோடு நுழைகிறவர்களிடம் இவர் காப்பிக்கு முன்னால் பாஸ்வேர்டைத்தான் சொல்லுவார். ஐந்தருவி என்று ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்து, பின்னால் ஒரு ஐந்து. இடம் நிறைந்துவிட்டால் என் பக்கம் திரும்புவார். "நீ உன் போனை அணைச்சுக்கோ உமா, அண்ணாச்சி கிரிக்கெட் பாக்காரு" என்பார். நானும் அணைத்துக்கொள்வேன்.

இவர் இறந்தது ஆடி மாதம், நல்ல சாரலில். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எங்களுக்கு ஒரே மகள், அகிலாண்டேஸ்வரி. மஸ்கட்டில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம், விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனில் அவள் அழவில்லை. எடுப்பதற்கு முன் ஒரு தடவை அப்பா முகத்தைக் காட்டிவிடு என்று மட்டும் கேட்டாள். இரண்டு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

அடுத்த வீட்டுக் கிருபா தன் போனில் காட்டுவதாகச் சொன்னாள். பன்னிரண்டரைக்கு அழைத்தபோது கிடைக்கவில்லை. ஒரு மணிக்கும் கிடைக்கவில்லை. நெட் கட்டாகிவிட்டது போல என்று என் காதருகே குனிந்து சொன்னாள். நான் கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெண் மடியில் போனை வைத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கட்டாகவில்லை என்று அப்போது புரிந்தது. துட்டி கேட்க வந்தவர்கள் எல்லோரும் சீசனுக்கு வந்து போனவர்கள். அவர்களுடைய போன்களுக்கு எங்கள் வீடு தெரியும். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவை தாமாக உள்ளே வந்து எட்டு இடத்தையும் பிடித்துக்கொண்டன. போனுக்கு உரியவர்களுக்கே அது தெரிந்திருக்காது.

கிருபா நாலைந்து பேரிடம் சொல்லி அணைக்கவைத்துப் பார்த்தாள். ஒருவர் அணைத்தால், புதிதாக வந்த இன்னொருவருடையது அந்த இடத்தில் ஏறிக்கொண்டது.

ஒன்றேகாலுக்கு என் கொழுந்தன் ஆவுடையப்பனும் மற்ற ஆண்களும் நீர்மாலைக்குக் கிளம்பினார்கள். சிற்றாற்றில் குளித்துக் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவார்கள். வந்ததும் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு எடுத்துவிடுவார்கள். மிஞ்சிப்போனால் அரைமணி நேரம். இத்தனை போன் வெளியே போகிறதே, இனி இடம் கிடைக்கும் என்று நினைத்தேன். கிருபா போட்டுப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். கடையநல்லூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள்.

நான் எழுந்தேன். எங்கள் குடும்பத்தில், நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்புகிறவரை பெண்டாட்டி தலைமாட்டை விட்டு எழுந்திருக்கிற வழக்கம் இல்லை. மூத்த நாத்தனார் இராமலட்சுமி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கன போற?"

"கம்ப்யூட்டருக்கு, மதினி."

"அவன் இப்படிக் கிடக்கான். உனக்குப் பத்திரம் எழுதணுமோ?"

சேலையை விடுவித்துக்கொண்டு போனேன். நாலு எட்டு வைத்தால் கம்ப்யூட்டர். நாற்காலியில் மாலைகளைக் குவித்திருந்தார்கள். அவற்றைத் தரையில் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பட்டியலில் எட்டுப் பெயர்கள் இருந்தன, பெரும்பாலும் போன் கம்பெனிகளின் பெயர்கள். எதை யாருடையது என்று கண்டுபிடிப்பது? பாஸ்வேர்டை மாற்றுகிற இடம் எனக்குத் தெரியும். முதன்முதலில் அவர் சொல்லச் சொல்ல அடித்தவள் நான்தான். ஐந்தருவியை அழித்தேன். அகிலா பிறந்த தேதியை அடித்துச் சேமித்தேன். எட்டுப் பெயர்களும் ஒன்றாகப் போய்விட்டன.

பந்தலில் யாரோ, "நெட்டு போச்சுலே" என்றார்கள்.

கிருபாவின் போனை வாங்கி அதில் புதுப் பாஸ்வேர்டை நானே போட்டேன். ஒரே அழைப்பில் அகிலா வந்துவிட்டாள். போனைப் பெட்டிக்கு நேராகப் பிடித்தோம். கண்ணாடி மூடியில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை என்றாள். பிறகு, "அத்தை, அங்கன இருக்கியளா?" என்று கேட்டாள்.

மதினி அதுவரை என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். குரல் கேட்டதும் எழுந்தாள். மூடியின் ஒரு பக்கத்தை அவளும் மறுபக்கத்தைக் கிருபாவும் பிடித்துத் தூக்கி வைத்தார்கள். தம்பியின் முகத்தில் இருந்த ஈரத்தை மதினி முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

அகிலா கொஞ்ச நேரம் பார்த்தாள். "கண்ணாடி இல்லாம வேற ஆளு மாதிரி இருக்காவம்மா. போட்டு விடு" என்றாள்.

மூக்குக்கண்ணாடி கீபோர்டு பக்கத்தில் அவர் கழற்றி வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்து வந்து போட்டேன். ஒரு பக்கம் காதில் சரியாக உட்காரவில்லை. மதினிதான் சரிசெய்தாள். செய்துவிட்டு, கிருபாவிடமிருந்து போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"பாத்துக்கோ தாயி. நல்லாப் பாத்துக்கோ."

அவள் விரல் கேமராவை மறைத்துக்கொண்டிருந்தது. கிருபா அதை மெதுவாக நகர்த்திவிட்டாள். அகிலா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழெட்டு நிமிஷம் இருக்கும். தெருமுனையில் சங்கு ஊதுவது கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"சரிம்மா. கழட்டிரு" என்றாள்.

கழற்றினேன். அவளே போனை வைத்துவிட்டாள். மூக்குக்கண்ணாடியை இடுப்பில் செருகிக்கொண்டு தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன். குடங்கள் உள்ளே வந்தன.