எண்ணெய்க்குள் ஒரு கரண்டித் தண்ணீர்

சின்னவளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அண்ணனின் சலவைக் கடை டிரைகிளீனிங் மெஷினில் தண்ணீர் ஊற்றப்போகிறேன் என்று அவள் சொன்னதும், அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள்.

பின்னே? தண்ணீர் பட்டால் கம்பளி சுருங்கும் என்றுதானே மண்ணெண்ணெய்க்குத் தூரத்துச் சொந்தமான சால்வென்டில் துவைக்கிறார்கள். அதில் பொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் வடிகட்டி வைப்பதில் அண்ணனுக்கு ஏகப் பெருமை. அந்தப் பெருமையே இப்போது காலை வாரிவிட்டது. ஒரு பாடகியின் வெள்ளைக் கம்பளிக் கோட்டில் பழச்சாறு. சோப்புப் போட்டு இரண்டு தடவை ஓட்டியும் கறை அசையவில்லை. சாயங்காலம் அந்தம்மா வந்து நிற்பாள்.

"பழச்சாறுல இருக்கிற சர்க்கரை எண்ணெய்ல கரையாதுண்ணா. தண்ணி வேணும்."

"கோட்டு குழந்தைச் சட்டை ஆயிடும்."

"ஆகாது. சோப்புத் துகள் ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். தண்ணில எல்லாம் கூடி, வாலை உள்ள மறைச்சு உருண்டையா நிக்கும். சால்வென்ட்ல தலைகீழ், தலை உள்ள. நாமதான் தண்ணி காட்டாம அதைப் பட்டினி போட்டுட்டோம். கொஞ்சம் குடுத்தா வயித்துக்குள்ள வச்சுக்கும். சர்க்கரையும் அங்க போயிடும். கம்பளி நனையாது."

சோப்பு டின்னோடு வந்த காகிதத்தை அந்தக் கடையில் படித்தவள் அவள் ஒருத்திதான்.

"கெட்டுதுன்னா மறுபடி ரசீது எழுதப் போயிடணும். மெஷின் பக்கமே வரக்கூடாது."

ஆறு வருஷம் ரசீது எழுதி விரல் காய்த்தவள் அவள். இருந்தாலும் சரி என்றாள்.

முதலில் இரண்டு பாட்டிலில் சால்வென்ட் எடுத்து, ஒன்றில் மட்டும் சோப்பைக் கலந்தாள். இரண்டிலும் சிவப்பு மைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் குலுக்கினாள். சோப்பில்லாததில் மை அடியில் போய் உட்கார்ந்தது. மற்றது முழுக்க ரோஜா நிறம், ஒரு கலங்கல் இல்லை. அண்ணன் அதையே உற்றுப் பார்த்தார். பிறகு மெஷின் மூடியைத் திறந்துவிட்டார். அவள் சோப்போடு ஒரே ஒரு கரண்டித் தண்ணீர் சேர்த்து ஊற்றினாள்.

கோட் வெளியே வந்தபோது கறை இருந்த இடமே தெரியவில்லை. அண்ணன் நாடாவை வைத்துக் கையை அளந்தார், முதுகை அளந்தார், நம்பாமல் மறுபடி அளந்தார். நூலளவு குறையவில்லை.

சாயங்காலம் பாடகி கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யார் செஞ்சது?"

அண்ணன் உள்ளே கை காட்டினார். "என் தங்கச்சி. இனிமே மெஷின் அவ பொறுப்புதான்."

கேட்டும் கேட்காதவள் மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் சின்னவள் நினைத்தாள். சந்தோஷம் விடவில்லை.

"அண்ணா," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள், "சரியா காதுல விழல. இன்னொரு தடவை சொல்லு."