பன்னிரண்டாவது பெயர்

சனிக்கிழமை மாலை, சபையை நிர்வகிக்கும் மூப்பர்களில் ஒருவரான தனகோடி கொடுத்த அறிவிப்புத் தாளை மேரிசெல்வி கோயில் வாசலில் நின்றபடியே படித்துப் பார்த்தாள். மரக்காணம் பிரஸ்பிட்டேரியன் சபையில் ஞாயிறுதோறும் அறிவிப்பு வாசிப்பது ஆறு வருடமாக அவள் பொறுப்பு. உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி கூப்பிட்டுப் பேசிப் பழகிய குரல் அவளுக்கு. கரண்ட் போனாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

தாளில் வரும் வாரத்து நிகழ்ச்சிகள் வரிசையாக இருந்தன. நாளைக் காலை எட்டரை மணிக்கு நினைவு ஆராதனை, இந்த வருடம் மரித்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். புதன்கிழமை பெண்கள் ஐக்கியக் கூடுகை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு சமய நல்லிணக்கக் கூட்டம். சென்ற ஆண்டுப் புயலில் நமது சபை மண்டபத்தைத் திறந்து மக்களைக் காத்ததை நினைவுகூர்ந்து, சகல மதத்தினரும் கலந்துகொள்ளும் அன்பின் விருந்து.

அதற்குக் கீழே மரித்தவர்களின் பட்டியல். பதினொரு பெயர். தன்னோடு உப்பளத்தில் வேலை பார்த்தவள் ஒருத்தியின் பெயரை அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். அது அதில் இல்லை.

"ஐயா, விருத்தாம்பாள் பேரு விட்டுப்போச்சு."

தனகோடி பைக்கில் ஏறப் போனவர் நின்றார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். "விட்டுப்போகல. எடுத்துட்டோம். அந்தம்மா ஞானஸ்நானம் எடுக்கல. சபை ரெஜிஸ்டர்ல பேரு கெடையாது. ரெஜிஸ்டர்ல இல்லாத பேரை எப்படிப் படிக்கிறது?"

"நாலு வருஷமா புதன்கிழமை தவறாம வந்தாங்களே."

"வரலாம். யார் வேணாலும் வரலாம். அது வேற, இது வேற."

"அப்ப அடுத்த சனிக்கிழமை கூட்டம்? மண்டபத்தைத் தொறந்தோம்னு போட்டிருக்கீங்க. தொறந்தது யாரு?"

தனகோடி பைக்கை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார்.

தொறந்தது யார் என்று ஊருக்கே தெரியும். போன கார்த்திகையில் புயல் கரையைக் கடந்த அன்று மத்தியானமே உப்பளத்துக் காலனியில் இடுப்பளவு தண்ணீர். மீனவக் குப்பத்து ஜனங்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடி வந்தார்கள். மேட்டில் இருந்த ஒரே பெரிய கட்டடம் சபை மண்டபம். அது பூட்டிக் கிடந்தது. சாவி தனகோடியிடம். அவர் புதுச்சேரியில் மகன் வீட்டில் இருந்தார், போன் போகவில்லை. பாஸ்டர் விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டார். மேரிசெல்வியே அன்றைக்குத் தயங்கினாள். கோயில் பூட்டாயிற்றே என்று. விருத்தாம்பாள் தயங்கவில்லை. பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தாள்.

"உங்க சாமி கேட்டா என் பேரைச் சொல்லு. நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது.

நூற்று அறுபது பேர் மூன்று நாள் அங்கே இருந்தார்கள். நான்காம் நாள் வந்த தனகோடி, உடைந்த தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு, கோயில் சொத்தைச் சேதப்படுத்தியதாகப் போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்று விருத்தாம்பாளிடம் கத்தினார். பாஸ்டர் பிரபாகரன்தான் கெஞ்சி நிறுத்தினார். பிறகு செய்தித்தாளில் சபையைப் பாராட்டி எழுதினார்கள். அந்தப் படத்தில் மண்டப வாசலில் தனகோடி நின்றிருந்தார்.

இந்த மே மாதம், உப்பு வாரிக்கொண்டிருந்தபோது விருத்தாம்பாள் வெயிலில் சுருண்டு விழுந்தாள். மேரிசெல்வி தன் முந்தானையை நனைத்து அவள் முகத்தில் போட்டு, மடியில் தலையை வைத்துக்கொண்டு ஆட்டோவுக்குக் காத்திருந்தாள். ஆட்டோ வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அறிவிப்புத் தாளை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு மேரிசெல்வி நேரே காலனிக்குப் போனாள். விருத்தாம்பாளின் புருஷன் கொளஞ்சி வாசலில் உட்கார்ந்து ஊறிப்போன கதவுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லை.

"அண்ணா, நாளைக்குக் காலைல எட்டரைக்குக் கோயிலுக்கு வாங்க. விருத்தாவோட பேரைப் படிக்கப் போறேன்."

கொளஞ்சி சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "யாரு படிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. வேணாம்னுதான் சொல்றாங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு? உயிரோட இருக்கும்போது போலீசு, கேசுன்னாங்க. இப்ப செத்தவளை உங்க மதத்துல சேர்க்கணுமா?"

மேரிசெல்விக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டது நியாயம் என்றும் தோன்றியது. "சேர்க்க மாட்டேண்ணா. அவ அம்மனைக் கும்பிட்டவ. அப்படியேதான் படிப்பேன். அவ செஞ்சதை வேற ஒருத்தர் பேர்ல எழுதிக்கிறாங்க. அதை என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல."

கொளஞ்சி அடுத்த ஆணியை எடுத்தார். உள்ளேயிருந்து மகள் பூங்குழலிதான் எட்டிப் பார்த்து, "நான் வர்றேன் அத்த" என்றாள். அவள் வானூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவள்.

மறுநாள் கோயில் நிரம்பியிருந்தது. பீடத்துக்கு முன்னால் ஒரு மேசையில் பதினொரு மெழுகுவத்தி. பெயர் வாசிக்க வாசிக்க அந்தந்த வீட்டார் எழுந்து வந்து ஒன்றைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பதினோராவது பெயர் சவரியம்மாளின் வீட்டுக்காரருடையது. அவள் மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

மேரிசெல்வி தாளை மடித்தாள்.

"விருத்தாம்பாள். கொளஞ்சி அவர்களின் மனைவி. உப்பளத் தொழிலாளி. மே மாதம் பதினாலாம் தேதி காலமானார். புயலில் நம் மண்டபத்தின் பூட்டை உடைத்து நூற்று அறுபது பேரை உள்ளே விட்டவர்."

முன்வரிசையில் தனகோடி எழுந்துவிட்டார். "நிறுத்தும்மா! பட்டியல்ல இல்லாத பேரு அது!"

அவர் கையைக் காட்டியதும் யாரோ மைக்கை அணைத்தார்கள். மேரிசெல்வி மேசையைப் பிடித்துக்கொண்டாள். மைக் இல்லாமலே, முதல் எழுத்திலிருந்து மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். வெளியே ரோட்டில் போனவர்கள்கூட நின்று பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

பெண்கள் பக்கத்தில் உப்பளத்துக்காரிகள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். பூங்குழலி கடைசி பெஞ்சிலிருந்து நடந்து வந்தாள். கொளஞ்சியும் வந்திருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

மேசைக்கு வந்த பூங்குழலிக்குக் கொளுத்த மெழுகுவத்தி இல்லை. மேரிசெல்விக்கு அப்போதுதான் உறைத்தது. பெயரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவள் மெழுகுவத்தியை மறந்துவிட்டாள். அந்தப் பெண் வெறுங்கையோடு எல்லோர் முன்னாலும் நின்றாள்.

சவரியம்மாள் வரிசையை விட்டு வந்தாள். "இதையே ரெண்டு பேரும் புடிச்சிக்கலாம் வா" என்று தன் மெழுகுவத்தியின் மேல் அவள் கையையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். பிரபாகரன் பயந்த சுபாவம். மூப்பர்கள் சொல்லாமல் ஜன்னல் திரைகூட மாற்றமாட்டார். அவர் கண்களை மூடிக்கொண்டார். பிறகு, "ஜெபிப்போம். ஆண்டவரே, இந்தப் பன்னிரண்டு பேருடைய வாழ்க்கைக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம்" என்றார். பன்னிரண்டு என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. ஆனால் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மூப்பர் குழு மேரிசெல்வியைக் கூப்பிட்டது. ஏழு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தனகோடி டைப் செய்த ஒரு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். ஆராதனை ஒழுங்கைக் குலைத்ததற்கு வருந்துகிறேன், இனி இப்படி நடக்காது.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா. இத்தோட முடிஞ்சிடும்."

"நான் வருந்தலையே ஐயா."

"அப்ப அறிவிப்பு வாசிக்கிறதை விட்டுடணும்."

அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் வாரம் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்று வெடித்துப்போன காலோடு வருகிறவளுக்கு, அந்த ஐந்து நிமிடம் பெரிசாக இருந்தது. புடவையைத் தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொண்டு வருவாள்.

"சரிங்கய்யா. விட்டுடறேன்" என்று எழுந்தாள். கதவு வரை போய்த் திரும்பினாள். "சனிக்கிழமை விருந்துக்கு முந்நூறு பேருக்குச் சமைக்கிறது யாருங்க?"

"பெண்கள் ஐக்கியம். தெரிஞ்சதுதானே."

"நாங்க பேசிட்டோம். மேடையில புயலன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுவீங்களே, அதுல யாரு கதவைத் தொறந்தாங்கன்னு பேரோட சொல்லணும். நீங்களே சொல்லணும். இல்லன்னா அடுப்பு எரியாது."

தனகோடியின் முகம் சிவந்தது. "மிரட்டுறியா?"

"ஆமாங்கய்யா" என்றாள் மேரிசெல்வி.

வட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். புளியமரத்தடியில் காத்திருந்த பெண்களிடம், "கேட்டுட்டேன்டி" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் வரைக்கும் பதில் வரவில்லை. ஓட்டலில் ஆர்டர் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. ஏழரை மணிக்குப் பாஸ்டரே மேரிசெல்வி வீட்டுக்கு வந்தார். "சொல்றேன்னுட்டார்ம்மா. நான் ஒண்ணும் பெரிசா பண்ணல. அவர் சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்னு மட்டும் சொன்னேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போலிருந்தது.

சனிக்கிழமை காலையில் அடுப்பு மூட்டினார்கள். எல்லா மதத்தாரும் சாப்பிடும்படி சைவமாகத் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கும் பாயசமும். மேடையில் பள்ளிவாசல் இமாமும், குப்பத்து அம்மன் கோயில் பூசாரியும், பாஸ்டரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே நாற்காலிகளில் புயலின்போது அதே மண்டபத்தில் படுத்துக் கிடந்தவர்கள். கொளஞ்சி இந்த முறை உள்ளே வந்து, மகளுக்குப் பக்கத்தில் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார். மேரிசெல்வி கரண்டியும் கையுமாகச் சமையல் பக்கத்துக் கதவில் சாய்ந்து நின்றாள்.

தனகோடி மைக் முன் வந்தார். புயலின் வேகம், சபையின் பாரம்பரியம், மனித நேயம் என்று நன்றாகத்தான் பேசினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, தலையைத் தூக்காமல், வேகமாக, "அன்று மண்டபத்தைத் திறக்க உதவியவர் விருத்தம்மா என்பவர்" என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"ஒரு நிமிஷங்க."

கொளஞ்சி எழுந்து நின்றிருந்தார். அவர் கூட்டத்தில் எழுந்து பேசி ஊரில் யாரும் பார்த்ததில்லை. மனைவி செத்த அன்றைக்குக்கூட அதிகம் பேசாத மனுஷர்.

"விருத்தாம்பாள்ங்க. விருத்தம்மா இல்ல. அப்புறம் அவ உதவலீங்க. அவதான் தொறந்தா."

இமாம் மெல்லத் தலையாட்டினார். தனகோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த இடத்தில் அவர் என்ன நினைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. தாளைக் கீழே வைத்தார். கொளஞ்சியைப் பார்த்து, "மன்னிக்கணும்" என்றார். பிறகு, "விருத்தாம்பாள். அவர்தான் திறந்தார். நான் அவரைத் திட்டினேன்" என்றார்.

கொளஞ்சி உட்கார்ந்தார். முதலில் குப்பத்துப் பெண்கள் கை தட்டினார்கள்.

அறிவிப்பு வாசிக்கும் பொறுப்பு மேரிசெல்விக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. தை மாதம் மூப்பர் குழுவுக்குத் தேர்தல் வந்தது. அந்தச் சபையில் அதுவரை எந்தப் பெண்ணும் போட்டியிட்டதில்லை. மேரிசெல்வி படிவத்தை வாங்கி, புளியமரத்தடியில் உட்கார்ந்து நிரப்பி, தனகோடியின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.