நாபியிலிருந்து வரும் குரல்

மூக்கு வழியாகப் போன கறுப்புக் குழாயின் நுனியில் ஒரு குட்டி விளக்கும் கேமராவும் இருந்தன. சுவரில் மாட்டிய திரையில் கம்பீரத்தின் தொண்டை ஆள் உயரத்துக்குத் தெரிந்தது.

‘கம்பீரம்’ மச்சான் வைத்த பெயர். உலகத்துப் பாட்டு முறைகளை மேடையில் பாடிக் காட்டுவது அவர் தொழில். புல்வெளி மேய்ப்பர்கள் ஒரே தொண்டையில் இரண்டு சுரம் எழுப்பும் பாட்டு, மலை இடையர்கள் குரலை நெஞ்சிலிருந்து உச்சந்தலைக்குத் தாவவிடும் கூவல், குரலை உடைத்து உடைத்து அழும் ஒப்பாரி எல்லாம் அவருக்குக் கைவந்தவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் விளக்கவுரை உண்டு. “இந்த நாதம் தொண்டையில் பிறப்பதல்ல. நாபியில் பிறந்து பிரபஞ்சத்தில் அடங்குவது” என்று கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில் அவர் தொடங்கினால் முன்வரிசைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பின்வரிசைக்காரர்கள் காப்பி குடிக்கப் போவார்கள்.

நாபியில் பிறந்த நாதத்தைத் தொண்டை டாக்டரிடம் இழுத்து வந்தவள் மனைவி. கொஞ்ச நாளாக எச்சில் விழுங்கினால் காதுவரை குத்தியது. வெந்நீர், தேன், மிளகு என்று அவர் சமாளித்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ‘தொண்டைக் கட்டி’ என்று தேடியதை யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய அப்பா அதில்தான் போனார். கடைசியில் பேச்சு நின்று, தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

திரையில் குரல் எழுப்பும் இரண்டு வெள்ளை நாடாக்கள் திறந்து மூடின. அவற்றின் பின்முனையில், இடது பக்கம், பட்டாணி மாதிரி ஓர் உருண்டை.

“இருக்கு,” என்றாள் டாக்டர்.

கம்பீரத்துக்கு அப்பாவின் சிலேட்டு ஞாபகம் வந்தது.

“எதனால வந்துச்சுன்னு பாப்போம். ரெண்டு நாடாவும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு இடிச்சு வர்றதும் உண்டு, தானா வர்றதும் உண்டு. இடிச்சு வந்ததுன்னா நமக்கு நல்லது. நீங்க பாடறதை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பாடுங்க.”

குழாயோடு மேய்ப்பர் பாட்டைப் பாடினார். நாடாக்களுக்கு மேலே இருந்த மடிப்புகள் நெருங்கி வந்து நடுங்கின.

“இடிக்கல,” என்றாள் டாக்டர்.

இடையர் கூவலில் நாடாக்கள் மெலிந்து நீண்டு தாவின. “இதுவும் இடிக்கல.”

மிச்சம் இருந்தது ஒப்பாரி. இடித்துத் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே அழுதார். சொந்தத் தொண்டைக்கே ஒப்பாரி வைத்த முதல் பாடகர் அவராகத்தான் இருக்கும். குரல் உடைந்தது, ஒட்டியது. உருண்டை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

“நல்லா பாடறீங்க சார். எதுவுமே இடிக்கல.”

வாழ்நாளில் இவ்வளவு மோசமான பாராட்டு அவருக்குக் கிடைத்ததில்லை. அப்படியானால் தானாக வந்தது. அப்பாவுக்கும் தானாகத்தான் வந்தது. பயம் வந்தால் விளக்கவுரை சொல்வது அவர் பழக்கம்.

“டாக்டர், இந்த நாதம் நாபியில்...”

திரையில் வலது நாடாவின் பின்முனை பாய்ந்து வந்து உருண்டையின்மேல் மோதியது.

“நில்லுங்க. அதைத் திரும்பச் சொல்லுங்க.”

“நாபி.”

டொம்.

“பிரபஞ்சம்.”

டொம், டொம்.

“பாட்டு இல்ல சார், பேச்சுதான்,” என்றாள் டாக்டர். “குரலைக் கீழ போட்டு அமுக்கறீங்க. இது உங்க சொந்தக் குரலா?”

கம்பீரம் திரையையே பார்த்தார். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்க்கவில்லை.

“ஆறு வாரம் சொந்தக் குரல்ல பேசுங்க. கிசுகிசுன்னும் பேசக் கூடாது. மெதுவா பாடிக்கலாம், வலிச்சா நிறுத்திடணும். உருண்டை சுருங்கினா பயமில்ல. சுருங்கலைன்னா ஒரு துண்டு எடுத்துப் பாக்கணும்.”

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பயம் இப்போது இரட்டைச் சுரமாக ஒலித்தது. ஒன்று உருண்டை. இன்னொன்று சொந்தக் குரல். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் அதைக் கேட்டு மண்டபமே சிரித்தது. அன்றைக்கு அமுக்கியதுதான். கல்யாணத்துக்கு முன்னால் போனில் அமுக்கிய குரலைக் கேட்டுவிட்டு, “குரலே போதும்” என்று மனைவி தன் அண்ணனிடம் சொன்னாளாம்.

“வலிக்குதா?” என்றாள் அவள்.

தலையாட்டினார்.

“வாயைத் திறந்து சொல்லுங்க. டாக்டர் பேச வேணாம்னு சொல்லல.”

திறந்தார். சைக்கிள் ட்யூபிலிருந்து காற்று கசிவது போல மெல்லிசாக வந்தது. “பயமா இருக்கு.”

மண்டபம் சிரிப்பதற்காகக் காத்திருந்தார். அவள் கைப்பையில் மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் குரலுக்கா இந்தப் பாடு? தூக்கத்துல இதுலதானே பேசுவீங்க. நேத்துகூட, ‘அப்பா, சிலேட்டைக் குடு’ன்னீங்க.”

கம்பீரத்தின் கண் கலங்கியது. விளக்கவுரை எதுவும் வரவில்லை. போன் அடித்தது. சனிக்கிழமை நிகழ்ச்சிக்காரர்.

“ஹலோ,” என்றார்.

“வணக்கம்மா. சார்கிட்ட கொஞ்சம் குடுங்களேன்.”

போனை மனைவியிடம் நீட்டினார். அவள் இரண்டு கையையும் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை அமுக்கினால் போதும். அந்தக் கிணற்றுக் குரலில் ஒரு ‘சொல்லுங்க’ சொன்னால் முடிந்தது. கண்ணுக்குள் திரை தெரிந்தது. டொம்.

“சார்தான் பேசறேன்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“பாட்டு உண்டு,” என்றார் அதே மெல்லிசுக் குரலில். “விளக்கவுரை கிடையாது.”

“பரவாயில்லீங்க சார், பரவாயில்லீங்க.” அது கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. பிறகு, தயங்கி, “சாருக்கு உடம்புக்கு ஏதாவது...?”

உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் விளக்கம் வைத்திருந்தவர், எச்சிலை விழுங்கினார். காதுவரை குத்தியது.

“தெரியல,” என்றார். “ஆறு வாரம் ஆகும்.”