வெந்நீர்ப் பதம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தீபலட்சுமிக்கு ஒட்டுகிற வேலை. தோலில் சொல்யூஷன் தடவவேண்டும். பிரஷ் கொடுத்திருந்தார்கள்தான், ஆனால் ஓரம் சுத்தமாக வர விரல்தான் சரிப்படும் என்று அங்கே எல்லோருக்கும் ஒரு பிடிவாதம். சாயங்காலம் பிசினைத் தின்னரில் கழுவிக்கொண்டு கிளம்புவார்கள். கையுறையா? ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வருகிற அன்றைக்கு மட்டும் அது பெட்டியை விட்டு வெளியே வரும். அவர் கார் ஏறியதும் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வார்கள், புண்ணியவான்கள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவள் உண்டானபோது விரலெல்லாம் மரத்துப்போனது. பக்கத்து டேபிள் வஹீதாவிடம் சொன்னாள்.

"புள்ளத்தாச்சிக்கு அப்டித்தான் இருக்கும், தீபா. பொறந்தா சரியாப்போய்டும். பேஜார் பண்ணிக்காத."

வஹீதா நல்ல மனதோடுதான் சொன்னாள். அவள் விரலும் மரத்துத்தான் கிடந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. மரப்பு போகவில்லை, மணிக்கட்டு வரை ஏறியது. தீபலட்சுமி புருஷனிடம்கூட வாய் திறக்கவில்லை. வெளியே தெரிந்தால் தன் டேபிளில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள் என்று பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, நீட்டிய காலில் கிடத்திக்கொண்டாள். வாளியில் கைவிட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாகத்தான் பட்டது. மொண்டு ஊற்றினாள். தண்ணீர் வழிந்து அவள் தொடையைத் தொட்டபோதுதான் அவளுக்கே சுரீரென்றது. ஐயோ, அதற்குள் குழந்தை வீறிட்டுவிட்டது.

"பச்சப்புள்ளய வேக வெச்சிட்டியேடி!" என்று கத்திக்கொண்டே புருஷன் முத்துக்குமார் பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் கட்டுப்போட்ட டாக்டரம்மா, தீபலட்சுமியிடம் என்ன வேலை என்று விசாரித்தார், சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு விரலில் ஊசியால் குத்தினார். ரத்தம் துளிர்த்தது. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துக்குமாருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

"பாப்பா புண்ணு ஆறிடும். உங்க கைதான்மா... அந்த சொல்யூஷன் நரம்பத் தின்னுருக்கு. வேலைய விட்டாலும் உணர்ச்சி முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது."

குழந்தை யார் கையிலும் அடங்காமல் அழுதது. தீபலட்சுமி கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். "என்கிட்ட குடுக்காதீங்க. நான் பாவி."

"நான்தான்டி பாவி. இன்னா ஏதுன்னு கேக்காமயே இருந்துட்டேன்," என்று முத்துக்குமார் விம்மியபடி குழந்தையை அவள் மடியில் வைத்தான். அது அவள் விரலைப் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்தியது.

தீபலட்சுமி கண்ணை எடுக்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு பக்கம் பார்த்தால், குழந்தை பிடித்திருக்கிறதா விட்டுவிட்டதா என்றே அவளுக்குத் தெரியாது.