கணக்கு சார் போட்ட இருபது டிக்

உறையைப் பிரிக்காமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. பள்ளிக்கூட வாசலைத் தாண்டி நாலடி போனதும் பிரித்துவிட்டேன். என் பெண்ணைப் பற்றி எழுதியதை நானே படிக்கக் கூடாதாம். இது எந்த ஊர் நியாயம்?

உள்ளே ஒரே ஒரு தாள். இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இல்லை', 'சில நேரம்', 'அடிக்கடி', 'எப்போதும்' என்று நாலு கட்டம். ஆறு மாதமாகப் பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறாள் என்று பார்த்து ஆசிரியர் டிக் போட வேண்டும். என் எட்டு வயது மகளுக்குக் கவனக் குறைவு இருக்கிறதா, துறுதுறுப்பு அளவு மீறிப் போகிறதா என்பதை இதை வைத்துத்தான் டாக்டரம்மா முடிவு செய்வார். இரண்டு ஆசிரியர்களுக்கு ஒவ்வொரு தாள், வீட்டுக்கு ஒரு தாள். வீட்டுத் தாளை டாக்டரம்மா கொடுத்த அன்றைக்கே க்ளினிக் பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

கிளாஸ் மிஸ் கொடுத்த இந்தத் தாளில், கவனம் பற்றிய ஒன்பது கேள்விகளில் ஏழுக்கு 'அடிக்கடி' என்று டிக் விழுந்திருந்தது. நல்லா இருக்கிற பிள்ளைக்கு வியாதி என்று முத்திரை குத்தப் பார்க்கிறாள். ஏன் என்று எனக்குத் தெரியாதா? வருஷ ஆரம்பத்தில் என் பெண்ணைத் தோழிகளிடமிருந்து பிரித்து, தன் மேஜைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்தாள். நான் தலைமையாசிரியை முன்னாலேயே, "என் பொண்ணு என்ன திருடிட்டாளா, பக்கத்துல உக்கார வெச்சுக் காவல் காக்க?" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அதை மனசுக்குள்ளேயே கறுவிக்கொண்டிருந்து, இப்போது பேனாவால் தீர்த்துக்கொள்கிறாள். யாருக்குக் காது குத்துகிறாள்?

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "டீச்சரம்மா எதுக்குப் பொய் எழுதப் போறாங்க?" என்றார். அவருக்கு உலகத்தில் எல்லோரும் நல்லவர்கள். பொல்லாதவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, இரண்டாவது தாளோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். கணக்கு சார் எப்போதும் சிரித்த முகம். யாரும் அவரைப் பற்றி ஒரு குறை சொல்லிக் கேட்டதில்லை.

"அட, வாங்கம்மா! உங்க பொண்ணா? தங்கமான பொண்ணாச்சே!" என்று தாளை வாங்கினார். மடமடவென்று டிக் போட்டு, டீ ஆறுவதற்குள் திருப்பிக் கொடுத்தார். "ஒரு குறையும் இல்ல. சும்மா பயமுறுத்துறாங்க."

இருபதுக்கும் 'இல்லை'. எனக்குத் தலைகால் புரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். இன்னொரு தடவை பார்த்துச் சந்தோஷப்படலாம் என்று வராந்தாவில் தாளை விரித்ததுதான் தப்பாகப் போயிற்று.

பதினொரு வருஷமாக நான் கார்மென்ட்ஸில் செக்கிங்கில் இருக்கிறேன். சட்டைக் கட்டு ஒவ்வொன்றோடும் ஒரு தாள் வரும். பட்டன், தையல், காலர் என்று பார்த்துப் பார்த்து டிக் போட வேண்டும். சட்டையைப் பார்க்காமலே போடுகிறவர்களை டிக்கே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் ஒரே கட்டத்தில், ஒரே சாய்வில், மூச்சு விடாமல் இறங்கியிருக்கும். அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கடைசியில் ஒரு கேள்வியை மாற்றிக் கேட்டு வைப்போம்.

இந்தத் தாளிலும் வைத்திருந்தார்கள். முதல் பதினெட்டும் குறைகள். பத்தொன்பதாவது, 'கொடுத்த வேலையை நேரத்துக்குள் முடிக்கிறாள்.' இருபதாவது, 'மற்ற பிள்ளைகளோடு ஒத்துப்போகிறாள்.' இரண்டுக்கும் சார் 'இல்லை' என்றே போட்டிருந்தார். தங்கமான பொண்ணாம், ஆனால் ஒரு வேலையும் முடிக்க மாட்டாளாம், யாரோடும் ஒத்துப்போக மாட்டாளாம்.

திரும்பவும் உள்ளே போனேன். "சார், என் பொண்ணு உங்க கிளாஸ்ல எங்க உக்காருவா?"

"அது... நடுவுல. ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு..."

"அவளுக்கு கிராப்பு, சார்."

"அட, ஆமா!" என்று அதற்கும் சிரித்தார். "நாப்பது பிள்ளைங்கம்மா. யாருன்னு ஞாபகம் வெச்சுக்கிறது?"

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து மிஸ்ஸின் தாளை எடுத்தேன். நேற்று கோபத்தோடு பார்த்தது. இப்போது செக்கிங் கண்ணால் பார்த்தேன். நாலு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தார். ஓரிடத்தில் 'எப்போதும்' என்று போட்டதை அடித்துவிட்டு 'அடிக்கடி' என்று குறைத்திருந்தார். துறுதுறுப்பு பற்றிய ஒன்பதில் 'இல்லை'யும் 'சில நேர'மும்தான். பழி தீர்க்க நினைத்தவர் இந்த ஒன்பதை மட்டும் சும்மா விட்டிருப்பாரா? பத்தொன்பதாவதுக்கு 'சில நேரம்'. அதன் ஓரத்தில் பொடி எழுத்தில், 'என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தால் முடிக்கிறாள்.'

அப்படியும் மனசு ஒப்பவில்லை. ஒரு குறையாவது கிடைக்காதா என்று மேலும் கீழும் தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை. நான் நிரப்பிக் கொடுத்த தாள் அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டே நிமிஷம். இருபதுக்கும் 'இல்லை'. கணக்கு சாராவது டீ குடித்துக்கொண்டே போட்டார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று போட்டேன்.

அன்று சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு க்ளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா பிரிந்திருந்த உறையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். கையை நீட்டித் தாள்களை வாங்கிக்கொண்டார்.

"கணக்கு சார் தாளை எடுத்துக்காதீங்க டாக்டர். அவருக்கு இவ யாருன்னே தெரியாது," என்றேன். "வீட்டுத் தாளும் புதுசா ஒண்ணு குடுங்க. நான் சரியா போடல."

பெஞ்சுக்கு வந்து பேனாவைத் திறந்தேன். முதல் கேள்வி, 'தொடங்கிய வேலையைப் பாதியில் விடுகிறாள்.' பேனா நகரவில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்குத்தான் வீடு. வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்பேன், ஆச்சு என்பாள். நோட்டைத் திறந்து பார்த்ததில்லை. தையலைப் பார்த்தே எந்த மிஷின் என்று சொல்லிவிடுகிற எனக்கு, பெற்ற பெண்ணுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரியவில்லை. கூனிக் குறுகிப் போனேன்.

அவள் பக்கத்தில் நின்று, சுவரில் இருந்த பல் படத்தில் பற்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

"குட்டிமா, ஒரு வேலைய ஆரம்பிச்சா முடிச்சிடுவியா, பாதில விட்டுடுவியா?"

"தெரியலையேம்மா," என்றாள். பிறகு, எனக்கு உதவி செய்கிற மாதிரி, "மிஸ்ஸுக்குத் தெரியும். அவங்கதான் என்னையே பாத்துக்கிட்டு இருப்பாங்க," என்றாள்.

பொறாமையாகத்தான் இருந்தது. பேனாவை மூடிவிட்டு, வெற்றுத் தாளோடு உள்ளே போனேன்.

"ரெண்டு வாரம் டைம் குடுங்க டாக்டர்," என்றேன். "நான் இன்னும் இவளைப் பாக்கல."