பதினேழாம் எண்

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி வண்டியின் மூக்கை அலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள் ஓர்லீன். ஜெட் ஸ்கி என்கிற அந்த நீர் ஸ்கூட்டரைக் கரையில் ஏற்றி வைத்தால், காசு கொடுத்துச் சவாரி போக ஆள் வந்த பிறகு தள்ளி இறக்க நேரமாகும். அதற்குள் அவருக்கு மனசு மாறி, நாற்காலியில் போய்ப் படுத்துவிடுவார். அதனால் தண்ணீரிலேயே காத்திருப்பதுதான் தொழில். பார்படாஸின் மேற்குக் கரை மற்ற மாதங்களில் குளம் மாதிரிக் கிடக்கும். டிசம்பரில் வடக்கிலிருந்து பெரிய அலை வந்தால் ஆளைச் சாய்க்கப் பார்க்கும். ஓர்லீன் சாய்கிற பெண் இல்லை. உப்பில் ஊறி ஊறி அவள் காலில் தோல் வெளுத்துப்போயிருந்தது.

அவள் வண்டி ஓடாமல் நின்றதற்குக் காரணம், சித்தப்பா மகன் ரிட்லியின் வண்டி ஓடிக்கொண்டிருந்ததுதான். இரண்டு வண்டிகளின் பக்கவாட்டிலும் ஒரே எண். பதினேழு.

எண் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரோ குடித்துவிட்டு ஓட்டிய வண்டி, நீந்திக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் தோளை உடைத்துப் போட்டது. அதன்பின் சட்டம் வந்தது. ஆளுக்கு ஓர் உரிம எண், அதுவும் கரையிலிருந்து படிக்கிற மாதிரிப் பெரிதாக. ஓட்டமெல்லாம் மஞ்சள் மிதவைகளுக்கு அப்பால். போக வர ஒரே வழி. இதை யாரும் குறை சொல்லவில்லை. அந்தப் பெண் அலறியதைக் காதால் கேட்டவர்கள் எப்படிக் குறை சொல்வார்கள்? ஆனால் ஒரே வாரத்தில் எண்களைக் கொடுத்து முடித்து, இனி புதிதாக ஒன்றும் கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ரிட்லி அந்த வாரம் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். பக்கத்து ஓட்டலுக்கு மட்டும், அது ஒரு வண்டிகூட வாங்குவதற்கு முன்பே, எண்கள் ஒதுக்கியாகிவிட்டது.

ஓர்லீன்தான் பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து தம்பியின் வண்டியில் தன் எண்ணை எழுதினாள். கூடவே ஓர் ஏற்பாடும் செய்தாள். ஓட்டுகிறவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சுருள் கயிற்றின் கொக்கியைப் பொத்தானில் மாட்டினால்தான் வண்டி கிளம்பும். ஆள் விழுந்தால் கொக்கி கழன்று வண்டி நின்றுபோகும். இரண்டு வண்டிக்கும் ஒரே கயிறு என்று வைத்துக்கொண்டார்கள். கயிறு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த நேரத்துக்குப் பதினேழு.

கடற்கரைக் காவலர் பில்கிரிமுக்கும் இது தெரியும். ஓர்லீனோடு ஒரே பள்ளியில் படித்தவர். மீன் வடை விற்கும் மிஸ் கிட்டன்ஸ் ஒருநாள் அவர் வாயைக் கிளறிப் பார்த்தாள். "ஒரு நேரத்துல ஒரு பதினேழுதான் என் கண்ணுக்குத் தெரியுது. அதுக்கு மேல எண்ணுறதுக்கு எனக்குச் சம்பளம் இல்ல" என்று சொல்லிவிட்டு, வடை வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றைக்கு அலை காலையிலிருந்தே ஏறிக்கொண்டு வந்தது. ஓட்டல் விருந்தாளி ஒருவர், நரைத்த பெரிய மனிதர், காற்றடைத்த மெத்தையில் கண்ணை மூடி மிதந்துகொண்டிருந்தார். கரையில் மோதித் திரும்பிய தண்ணீர் அவரைச் சத்தமில்லாமல் இழுத்துப் போனது. பவளப்பாறையில் ஓரிடத்தில் வாய் பிளந்த மாதிரி இடைவெளி உண்டு. பெரிய அலையெல்லாம் அங்கேதான் வந்து உடையும். அவர் போனது அந்தப் பக்கம். அவர் மனைவி எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது மெத்தை மட்டும்தான் தெரிந்தது. ஓட்டல் படகை ஆட்கள் இறக்கப் பார்த்தார்கள். அலை அதைப் புரட்டி மணலிலேயே போட்டது. ரிட்லி ஒரு வாடிக்கைக்காரரோடு வெகு தூரத்தில், இந்தப் பக்கம் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான்.

ஓர்லீன் வண்டிமேல் ஏறினாள். கயிறு ரிட்லியிடம் இருந்தது. தலையில் கட்டியிருந்த துணியின் ஓரத்தைப் பல்லால் கிழித்து, கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் பொத்தானைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். இனி அவள் விழுந்தாலும் வண்டி நிற்காது. அவளைக் கடலில் விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குப் போகும்.

பில்கிரிம் பூட்ஸோடு தண்ணீருக்குள் வந்துவிட்டார்.

"ஓர்லீன், ரிட்லி வெளிய இருக்கான்."

"தெரியுது."

"ரெண்டும் ஒண்ணா தண்ணியில நின்னா நான் எழுதியாகணும். உன் எண் போயிடும். அப்புறம் உனக்கும் பொழப்பு இல்ல, அவனுக்கும் இல்ல."

"அப்ப திரும்பி நில்லு, பில்கிரிம்."

அவர் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களே அப்படி ஓர் ஓட்டத்தைப் பார்த்ததில்லை. அலையை அவள் எதிர்க்கவில்லை. சரிவில் சாய்வாக ஏறி, உச்சியில் வேகத்தை அறவே விட்டுவிட்டு, அலை தன்னைக் கடந்து போகும்வரை அப்படியே இருந்தாள். அதன் முதுகில் இறங்கும்போது ஆளும் தெரியாது வண்டியும் தெரியாது. கரையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மறுபடி தலை தெரியும். இரண்டு அலைகளுக்கு நடுவே, வீட்டு முற்றம் அளவு அமைதியான தண்ணீரில் வண்டியைச் சுற்றித் திருப்பி, குனிந்து ஒரு கையால் அந்த மனிதரைத் தூக்கி மாவு மூட்டை மாதிரிப் பின்னால் போட்டாள். அடுத்த அலை கண்ணாடிச் சுவர் போல எழுந்தது. வெயில் அதற்குள் ஊடுருவிப் பச்சையாய் எரிந்தது. அந்தப் பச்சைக்கு முன்னால் அவள் கறுப்பாய், சின்னதாய், நேராக உட்கார்ந்திருந்தாள். அம்மாடி, பார்த்தவர்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. மிஸ் கிட்டன்ஸின் வடை முழுவதும் எண்ணெயில் கருகியது.

அலை உடைந்து நுரை அடங்கியபோது அவள் அதற்கு முன்னால் வந்துகொண்டிருந்தாள். விஷயம் புரிந்து விரைந்து வந்த ரிட்லியும் துணைக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டான். இரண்டு வண்டிகளும் தோளோடு தோளாக மிதவைகளுக்கு நடுவே நுழைந்தன. ஓட்டல் மாடியெல்லாம் கைதட்டியது. ஒரு கை விடாமல் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. பெரியவர் இருமிவிட்டு, ஓர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். கடைசிவரை பில்கிரிம் கடல் பக்கம் திரும்பவில்லை.

அந்தச் செல்போன் படத்தைச் சாயங்காலத்துக்குள் தீவே பார்த்துவிட்டது. ரம் கடையில் பார்த்தார்கள், பஸ்ஸில் பார்த்தார்கள், மாதா கோயிலில் பாதிரியார் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தார். வேற்று நாட்டுக்காரர்களெல்லாம் மகராசி நல்லா இருக்கணும் என்று எழுதினார்கள். பார்த்தவர்களில் யாரோ ஒருவர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல்தான், ஏன் இரண்டு வண்டியிலும் பதினேழு என்று கேட்டார். படத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், துல்லியமாகத் தெரிந்தன. எண் கொடுத்த அலுவலகமும் பார்த்தது.

அடுத்த வாரம் பில்கிரிம் வந்தபோது அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எண் ரத்து, இரண்டு வண்டியும் பறிமுதல், மேலிடத்து முடிவு என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நான் எழுதல, ஓர்லீன்."

"எனக்குத் தெரியாதா?"

"எல்லாரும் உன்னை மெச்சி மெச்சியே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

ரிட்லி கத்தினான். நீ போயிருக்கவே கூடாது அக்கா, அந்த ஆளை ஓட்டல்காரன் பார்த்துக்கொண்டிருப்பான் என்றான். பார்த்துக்கொண்டுதான் இருந்தான் என்றாள் அவள். அவன் மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். கரையில் நாலு பேர் பார்க்க அழுவது அவளுக்குப் பழக்கம் இல்லை.

வண்டிகளை ஏற்ற லாரி வந்திருந்தது. அதன் பின்னால் கட்டியிருந்த இரும்பு இழுவை வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். அலை இன்னும் தணியவில்லை. அலுவலக ஆட்கள் இரண்டு பேரும் முழங்கால் ஆழத்திலேயே தடுமாறி, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மூத்தவர் வந்து, நீங்களே ஓட்டி ஏற்றித் தந்துவிட்டால் நல்லது அம்மா, எங்கள் கையில் விட்டால் வண்டி உடைந்துபோகும் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

ஓர்லீன் தன் வண்டியை வெளியே கொண்டுபோனாள். இரண்டு அலைகளைப் போகவிட்டாள். மூன்றாவதன் முதுகில் ஏறி வந்து, சரியான இடத்தில் இன்ஜினை அணைத்தாள். வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிவந்து, இரும்பில் எங்கும் உரசாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

அன்று காலைதான் கப்பலில் வந்து இறங்கியிருந்த கூட்டம் மணலில் நின்றது. அதில் ஒருத்திக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தப் படத்தில் வந்த பெண் என்று பக்கத்தில் சொன்னாள். முதலில் நாலைந்து பேர் கைதட்டினார்கள், பிறகு கூட்டம் முழுவதும் கைதட்டியது. செல்போன்கள் உயர்ந்தன. இன்னொரு தடவை என்று ஒருவர் சந்தோஷமாகக் கேட்டார்.

ரிட்லியின் வண்டி இன்னும் தண்ணீரில்தான் கிடந்தது. ஓர்லீன் கீழே இறங்கி அதை நோக்கி நடந்தாள்.