எழுத்துக்காரர் வீட்டு நடைவழி

நான்காம் மாடி ஏழாம் எண் வீட்டின் நடைவழி, அதாவது சமையலறை வாசலிலிருந்து பின்சுவர் வரை, கட்டிய நாளில் பதினோரு அடி நீளம். எழுத்துக்காரரின் மனைவி அதில் நடக்கத் தொடங்கி இரண்டு வருஷம் முடிந்தபோது, அளந்தவரைக்கும் நான்கு கிலோமீட்டர். அதற்கு மேல் யாரும் அளக்கவில்லை. கட்டடத்தின் வெளிச்சுவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர், தன் வீட்டுச் சுவரில் மாட்டிய கடிகாரம்கூட ஆடவில்லை என்று கடைசிவரை சாதித்தார். அவர் சொன்னதும் உண்மைதான்.

எழுத்துக்காரர் என்றால் கதை எழுதுபவர் அல்ல. சுகாதார அலுவலகத்துக்காக ஊர்ச் சுவர்களில் வாசகம் எழுதுகிறவர். முப்பது வருஷமாக அதே வேலை. ‘தினமும் நடங்கள், நோயை விரட்டுங்கள்’ என்பதை மட்டும் நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதியிருப்பார். அதில் பாதி, மேம்பாலத் தூண்களிலும் ஆறுவழிச் சாலையின் நடுச்சுவரிலும் இருந்தது. நின்று படிக்க அங்கே ஒரு மனிதனுக்குக் கால் வைக்க இடமில்லை. நெரிசலில் மாட்டிக்கொண்டவர்கள் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே படித்தார்கள். ஏணியில் நின்று நின்று எழுத்துக்காரரின் இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தன. அவர் எங்கேயும் நடந்து போனவர் இல்லை. அலுவலக வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், கொண்டுவந்து இறக்கிவிடும்.

அவர் மனைவிக்குச் சர்க்கரை. இடது காலில் இரண்டு விரல்களை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. மிச்சக் கால் நிலைக்க வேண்டுமானால் தினம் ஒரு மணி நேரம் நடந்தே தீர வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். சொன்ன பேச்சைத் தட்டாதவள் அவள். கல்யாணமான புதிதில், ‘இங்கே நிற்காதீர்கள்’ என்று புருஷன் எழுதிய சுவரின் நிழலை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் வெயிலில் நின்று அவருக்காகக் காத்திருந்தவள். மறுநாளே நடக்கக் கிளம்பினாள். முதல் நாள், நடைபாதை என்று மிச்சமிருந்த ஒன்றரை அடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று ஏறிவந்து முழங்கையை உரசியது. இரண்டாம் நாள் சாக்கடை மூடி இல்லாத இடத்தில் கால் மடங்கியது. மூன்றாம் நாள் நாய்கள். நான்காம் நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து பூங்கா வரை போய்விட்டாள். பூங்கா பூட்டியிருந்தது. புல் கெட்டுவிடுகிறதாம். கதவில் ‘நடைப்பயிற்சி ஆயுளை நீட்டும்’ என்று தன் வீட்டுக்காரரின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள், அதற்குப் பிறகு வாசற்படி தாண்டவில்லை.

வீட்டுக்குள்ளேயே நடந்தாள். சமையலறையிலிருந்து பின்சுவர், பின்சுவரிலிருந்து சமையலறை. ஐந்து எட்டில் திரும்ப வேண்டும். தலை சுற்றும், சுவரைப் பிடித்துக்கொள்வாள், மறுபடி நடப்பாள். மூன்றாவது வாரம், திரும்பும் இடம் கொஞ்சம் தள்ளிப் போயிருப்பதுபோல இருக்கிறதே என்றாள். எழுத்துக்காரர் எழுத்துக்குக் கோடு போடும் நூலை எடுத்து அளந்தார். ஒரு முழம் கூடியிருந்தது. அதே தரை, அதே சுண்ணாம்பு, இடையில் ஒட்டுப்போட்ட தடம்கூட இல்லை. பிறகு அவள் எவ்வளவு நடந்தாளோ அவ்வளவுக்கு வழி நீண்டுகொண்டே போனது. எழுத்துக்காரர் இருபது எட்டுக்கு ஒரு விளக்கு மாட்டினார். காலில் புண் ஆறியது. சர்க்கரை இறங்கியது. டாக்டர் அவளை மற்ற நோயாளிகளுக்கு உதாரணமாகக் காட்டினார். எங்கே நடக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

கட்டடத்துப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாடித் தையல்காரிதான் முதலில் வந்தவள். காலையில் ஏழாம் எண் வாசலில் பதினைந்து ஜோடி செருப்பு கிடக்கும். அரை மணி நேரம் போய், ஊர்வம்பெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு, அரை மணி நேரம் திரும்பி வருவார்கள். செய்தி சுகாதார அலுவலகத்துக்குப் போனது. மேற்பார்வையாளர் வந்தார், எட்டிப் பார்த்தார், வாசகம் இல்லாத நடைவழி எதற்கு என்று கேட்டு ஒரு பட்டியல் கொடுத்துவிட்டுப் போனார். ‘உட்கார்ந்திருப்பவர் உயிரோடு விளையாடுகிறார்.’ ‘இன்று நடக்காத கால் நாளை வெட்டப்படும்.’ எழுத்துக்காரர் உத்தரவை மீறாதவர். ஆளுயர எழுத்தில் எழுதினார். காலாற நடக்க வந்தால் இங்கேயும் பயமுறுத்துகிறீர்களே என்று தையல்காரி முகம் கடுத்துப் போனாள். பத்து நாளில் வாசலில் ஒரு செருப்பும் இல்லை. எழுத்துக்காரரின் மனைவி மட்டும், வெட்டப்படும் என்ற வரி வரும் இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு தனியாக நடந்தாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. எல்லாவற்றின் மேலும் வெள்ளையடித்தார். வெறும் சுவராகவே இருக்கிறது, சலிப்பாக இருக்கிறது என்று அவள் ஒருநாள் சொன்னதை வைத்து, பட்டியலைப் பார்க்காமல் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு வாசகம் எழுதினார்: ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்.’ நூறு எட்டுக்கு ஒன்று. முட்டி வலியோடு, கடைசிச் சிலவற்றை அங்கேயே படுத்து எழுந்து எழுதினார். மொத்தம் அறுபத்தொன்று. அவள் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டு போனாள். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவள் சாயங்காலம்தான் திரும்பினாள். பிறகு மறுநாள் திரும்பினாள். ஒரு வியாழக்கிழமை காலை, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அடுப்பில் பால் இருக்கிறது, பொங்கிவிடப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். சனிக்கிழமை வரை வரவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முப்பது வருஷத்தில் எந்தச் சுவரிலும் ‘போதும்’ என்று எழுதச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவருக்கும் தோன்றியதில்லை. எழுதியதை அப்படியே கேட்கிறவள் என்று தெரிந்தும் அறுபத்தொரு முறை போ போ என்று எழுதியிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரு டப்பா சிவப்பு பெயின்ட்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு அவளைத் தேடி நடந்தார். அவளை முந்திப் போய் ‘போதும், திரும்பி வா’ என்று எழுதிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அறுபத்தொன்றாவது வாசகத்தை எட்டவே பொழுது போய்விட்டது. அதோடு விளக்கும் முடிந்தது, ஆனால் வெளிச்சம் முடியவில்லை. தரைப் புழுதியில் அவள் தடம் தெளிவாக இருந்தது. கடைசி வாசகத்தின் முன்னால் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். அதற்கப்பால் எழுத்தே இல்லாத வெறும் சுவர்தான். இருந்தும் தடம் போயிருந்தது. முன்னைவிட எட்டி வைத்து நடந்திருக்கிறாள். இன்னும் தள்ளி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். பிறகு வெறுங்கால் தடம், ஒன்றில் ஐந்து விரல், மற்றதில் மூன்று. காற்று வந்தது. வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்பதை எழுத்துக்காரர் அங்கேதான் கவனித்தார். அந்த வீட்டில் முப்பது வருஷமாக ஹாரன் கேட்காத ஒரு நிமிஷம் இருந்ததில்லை.

முட்டி அதற்கு மேல் மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

“ஏம்மா, போதும்மா. வந்துடு.”

ஒரு தம்ளர் டீ ஆறும் நேரம் ஆனது பதில் வர. வெகு தூரத்திலிருந்து, ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரலில் வந்தது.

“கால் வலிக்கலைங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்குக் கால் வலிக்காத ஒரு நாளை அவர் பார்த்தே எத்தனையோ வருஷமாகியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு திரும்பினார். வீடு வந்து சேர இரண்டு நாள் ஆனது. வெளியூரில் இருந்த மகள் போனில் அம்மாவை ஏன் விட்டீர்கள் என்று கத்தினாள். வேறெங்கே நடப்பாள், சொல்லு என்று கேட்டார். அதன் பிறகு அவர் ஒற்றை ஆளுக்குச் சமைத்தார், ஒற்றைத் தட்டைக் கழுவினார். கழுவும்போது மட்டும் குழாயை அதிகமாகத் திறந்துவிடுவார். பக்கத்து வீட்டுக்கு அவர் அழுகை கேட்கக் கூடாதாம். கேட்கத்தான் செய்தது.

அவள் போன ஆறாவது வருஷம் வீட்டு ஆட்களைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் என்று கேட்டார். எழுத்துக்காரர் இரண்டு என்றார். இன்னொருவர் வெளியே போயிருக்கிறாரா, எப்போது திரும்புவார் என்று கேட்டார் வந்தவர்.

“வெளிய எங்கயும் போகலைங்க. வீட்டுக்குள்ளதான் இருக்கா.”

வந்தவர் எட்டி நடைவழியைப் பார்த்தார். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னதாகிக்கொண்டே போயின. இதுபோல இந்தத் தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, தாளில் இரண்டு என்று எழுதினார். பக்கத்தில், இருவரும் வீட்டில் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். பிறகு ஐந்தாம் மாடிக்கு லிப்ட் உண்டா என்று கேட்டார்.